திருப்பிப் போட்ட சட்டை

மொட்டை மாடிக் கொடியில் ஒரு சட்டை உள்பக்கம் வெளியே தெரியக் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே, இடுப்பில் கையூன்றி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார்.

மாத்திரை சார் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அவருடைய ஒரு கன்னத்தில் சவர நுரை இன்னும் அப்படியே இருந்தது. கொடியில் காய்ந்தது அவருடைய சட்டை.

மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மாத்திரை சார். பாதிச் சவரத்தில் இருந்தபோதுதான் அவர் மனைவி கதவோரம் வந்து நின்று, "என்னங்க, ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிக்குப் போயிருக்கவே கூடாது. புருஷனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு சட்டையை அலசிக் கொண்டுபோனவள், பழக்க தோஷத்தில் அதைப் பிறந்த வீட்டு வழக்கப்படி திருப்பிப் போட்டு உலர்த்திவிட்டு வந்திருந்தாள். அவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வாங்க மாத்திரை," என்றார் செயலாளர், திரும்பாமலே. "இதைப் பாருங்க. நம்ம கட்டடத்துல."

ஊரின் நடுவே ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. போய்ப் பார்த்தவர்கள்தான் கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். படியேறும்போது கைப்பிடியைத் தொட மாட்டார்கள். எதையும் பற்றிக்கொள்ளாத ஜனம், நன்றியையும் சேர்த்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, துணியைத் திருப்பிப் போட்டு உலர்த்துவார்கள். வெயிலில் சாயம் போகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது விளக்கம் சொன்னால், அந்த யாராவது எந்தப் பக்கம் என்பது உடனே தெரிந்துவிடும். அதனால் யாரும் சொல்வதில்லை.

கட்டடத்தின் சொந்தக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வீடு கிடையாது.

மாத்திரை சாரும் அவர் மனைவியும் அந்தப் பக்கத்து ஆட்கள்.

பிரசவத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்று அலையாய் அலைந்து பிடித்த வீடு இது. சாமான் ஏற்றி வந்த வேன்காரரிடம்கூட, "யார் கேட்டாலும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலேர்ந்து வர்றோம்னு சொல்லிடுங்கண்ணே" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டுதான் குடிவந்தார். வந்த நாளிலிருந்து கைப்பிடியை விடாமல் பிடித்துப் படியேறினார். சிரிப்பு வந்தால் இருமினார். கட்டடமே அப்படித்தான் நாகரிகமாக இருந்தது. ஆளாளுக்குப் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி பளபளவென்று மின்னும். ஒரு வீட்டிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்காது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் சும்மாவா என்று மாத்திரை சார் மனைவியிடம் மெச்சிக்கொண்டதுண்டு.

"யாரோட சட்டைன்னு தெரியுதா?" என்றார் செயலாளர்.

இந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கர்ப்பக்காரி, தூக்கக் கலக்கம், கை தவறிவிட்டது. நாக்கு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"தெரியலைங்களே," என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு சட்டை அவருக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

செயலாளர் இரண்டு விரலால் அதைக் கொடியிலிருந்து உருவினார். "பாலம் இறங்கினதும் மூணாவது சந்து. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வீட்டுக்கு வீடு இப்படித்தான் தொங்கும். கேள்விப்பட்டிருக்கேன்."

தண்ணீர்த் தொட்டி இருப்பது உண்மைதான். கேள்விப்பட்டதே இவ்வளவு துல்லியமா என்று நினைத்தபடி மாத்திரை சார் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டார்.

கட்டட வாசலில் தபால் பெட்டிகளுக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. செயலாளர் சட்டையை அதில் மாட்டினார். "உரியவர் வந்து எடுத்துக்கட்டும்," என்றார். எடுக்க வருகிறவரைப் பார்க்க வசதியாகத் தன் வீட்டுக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டார்.

கரும்பச்சையில் கட்டம் போட்ட சட்டை. வீட்டோடு போடுகிற சட்டை என்பதால் வெளியில் யாரும் பார்த்ததில்லை. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மாத்திரை சார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடியே தாண்டினார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் தாண்டினார்கள்.

வீட்டில் மனைவி வேறொரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "என்னங்க, அதே துணியில இன்னொண்ணு தெச்சோமே. பெட்டியில இருக்கே."

ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துக்கொண்ட தன் புத்தியை அவர் நொந்துகொண்டார். மறுநாள் அந்த இரண்டாவது சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, கடைக்குப் போகிற வழியில் தெருமுனைக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்துவிட்டுப் போனார். அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவரிடம் நலம்கூட விசாரித்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் ஆணியில் இரண்டு சட்டைகள் தொங்கின.

பக்கத்தில் குப்பை வண்டிக்காரர் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். "ஜோடி சட்டை சார். பேப்பர்ல சுத்திக் கிடந்துச்சு. ஒண்ணு இங்க மாட்டியிருக்கிறதைத்தான் நேத்தே பார்த்தேனே. பாவம், யாரோ தவற விட்டுட்டாங்க."

"தவற விடலை. ஒளிச்சிருக்காங்க," என்றார் செயலாளர். "ஒரு சட்டைன்னா ஏதோ கவனக் குறைவுன்னு நானே விட்டிருப்பேன். ரெண்டாவதை எதுக்கு ஒளிக்கணும்? சொல்லுங்க மாத்திரை."

"அதானே," என்றார் மாத்திரை சார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவனின் குரல் அது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. செயலாளர் சட்டை இரண்டையும் ஒரு நாற்காலி முதுகில் போட்டிருந்தார்.

"ஒவ்வொருத்தரா போட்டுப் பாருங்க. சரியா இருக்கிறவர் யாருன்னு தெரிஞ்சிடும். நியாயம் எல்லாருக்கும் பொதுதான். முதல்ல நான் போடுறேன்."

போட்டார். தோளை அகல விரித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா, பிடிக்குது" என்று முகம் சிவக்கச் சொன்னார். அடுத்து பஸ் கண்டக்டர். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டார், சட்டைக்கை முழங்கைக்கு ஏறிவிட்டது. இரண்டாவது மாடிக் கணக்கு வாத்தியார் உடம்பை உள்ளே இழுத்து ஒடுக்கிக்கொண்டு நின்றார். சட்டை கொடியில் கிடந்ததைவிடத் தொளதொளவென்று அவர் மேல் கிடந்தது. ஏன் எல்லோரும் இப்படி விறைக்கிறார்கள் என்று யோசிக்க மாத்திரை சாருக்கு அப்போது நேரமில்லை. அடுத்தது அவர் முறை.

மனைவியின் ஏழு மாதத்தை நினைத்துக்கொண்டு வயிற்றை வெளியே தள்ளினார். பொத்தான் போட்டார். போட்ட பொத்தான் பட்டென்று தெறித்து, வாத்தியாரின் காலடியில் போய் விழுந்தது.

"உங்களுக்கும் இல்லை," என்றார் செயலாளர். அவர் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

சட்டை மறுபடியும் நாற்காலிக்குப் போனது. யாருக்கும் பொருந்தாத சட்டையை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அப்ப ஒண்ணு நிச்சயம்," என்றார் செயலாளர். "ஆம்பளைங்க இருக்கிற வீட்டுச் சட்டை இல்லை இது."

தனியாளாக இருக்கிற பெண் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். மூன்றாவது மாடி நர்ஸம்மா. பெயரை யாரும் சொல்லவில்லை. செயலாளர் மாத்திரை சாரின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு எனக்கு அப்புறம் மாடிக்கு வந்தது நீங்கதான். படியில யாராவது எதிர்ல இறங்கினாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருமே இறங்கலைன்னா, அப்புறம் நீங்க எதுக்கு அரைச் சவரத்தோட ஓடி வந்தீங்கன்னு கேக்க வேண்டி வரும்."

நர்ஸம்மா இறங்கினார்தான். டியூட்டிக்குப் போகிற அவசரத்தில், கைப்பிடியைத் தொடாமல், இரண்டிரண்டு படியாக. மாத்திரை சாருடைய நுரைக் கன்னத்தைப் பார்த்துக் கட்டடமே அதிரச் சிரித்து, "என்ன சார், பாதி ஆளா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நர்ஸம்மா அந்தப் பக்கத்து ஆள்தான் என்பதில் மாத்திரை சாருக்கும் மனைவிக்கும் சந்தேகமே இருந்ததில்லை. அந்தச் சிரிப்பு ஒன்று போதும். போதாததற்கு, நர்ஸம்மா வீட்டு ஜன்னல் கம்பியில் அவருடைய நீலச் சீருடை திருப்பிப் போட்டுக் காய்வதை மாத்திரை சார் பலமுறை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மனைவியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிச் சந்தோஷப்படுவார். மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்ததிலிருந்து, அந்தக் கட்டடத்தில் அவர்கள் வீட்டுக்குள் வந்து போகிற ஒரே மனுஷி அவர்தான். தினமும் டியூட்டி முடிந்து வந்து பிரஷர் பார்ப்பார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். "நம்ம பக்கத்து ஆளுங்க கையே தனிதாங்க," என்பாள் மனைவி. "ஊசி குத்தினதே தெரியல பாருங்க."

எல்லோரும் மாத்திரை சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நர்ஸம்மா இறங்கினாங்க," என்றார் மாத்திரை சார்.

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அணை உடைந்த மாதிரி ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "அவங்க கைப்பிடியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை," என்றார் கண்டக்டர். "அந்தச் சிரிப்பு இருக்கே," என்றார் வாத்தியார், காதைப் பொத்துகிற மாதிரி காட்டி. "ஜன்னல்ல துணி காயுறதையும் பார்த்திருக்கேன், சொல்ல வேண்டாம்னு இருந்தேன்." ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது. காய்ச்சல் விட்டவர்கள் போல நன்றாக மூச்சு விட்டார்கள்.

மாத்திரை சாருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் கூடுதல் என்று தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

கூட்டம் கலைவதற்குள் நர்ஸம்மாவே வந்துவிட்டார். கையில் சாப்பாட்டுப் பை, கண்ணில் தூக்கம்.

"என்ன, சட்டைக் கடை போட்டிருக்கீங்களா?" என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா?"

"பாலத்துக்கு."

நர்ஸம்மாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எந்தப் பக்கமா இருந்தா என்னங்க?"

செயலாளர் மற்றவர்களைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். கண்டக்டரும் அசைத்தார். இந்தப் பக்கத்து ஆள் எவராவது இப்படிப் பதில் சொல்வாரா என்று அதற்கு அர்த்தம். "இந்தச் சட்டை உங்க வீட்டுதா?"

நர்ஸம்மா நாற்காலியில் கிடந்த சட்டையைக் கையில் எடுத்தார். பொத்தான் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து மாத்திரை சாரைப் பார்த்தார். போன வாரம் வீட்டில், "உங்களுக்கும் பார்த்துடுவோம் சார், நீட்டுங்க கையை" என்று இதே சட்டையின் கையை மடித்துவிட்டு அவருக்குப் பிரஷர் பார்த்தவர் அவர். மாத்திரை சார் சிமெண்ட் தரையில் ஓர் எறும்பைத் தேடினார். எறும்பும் இல்லை.

"சரி," என்றார் நர்ஸம்மா கடைசியில். "என் வீட்டுதுன்னே வெச்சுக்கோங்க."

சட்டை இரண்டையும் மடித்துக் கையில் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். அப்போதும் கைப்பிடியைத் தொடவில்லை.

மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் அழக்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆளையே காட்டிக் குடுத்துட்டீங்களா?"

"நம்ம ஆளுங்கிறதாலதான் சொன்னேன். அவங்களுக்கு நம்ம கஷ்டம் புரியும். வேற பக்கத்து ஆளா இருந்தா சும்மா விடுவாங்களா?"

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"உனக்காகத்தானே செஞ்சேன். நம்ம பிள்ளைக்காகத்தானே."

"அப்படின்னா இனிமே பிரஷர் யாரு பார்ப்பா, நம்ம பிள்ளையா?" என்றாள் மனைவி.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை சார் கடையிலிருந்து பிரஷர் பார்க்கிற கருவி ஒன்றை எடுத்து வந்து தானே பார்த்தார். முதல் தடவை மனைவிக்கு நாடித் துடிப்பே இல்லை என்று காட்டியது. இரண்டாம் தடவை பட்டையைத் தலைகீழாகச் சுற்றிவிட்டார். மனைவி பட்டையை உருவி அவர் மடியில் போட்டாள். "நர்ஸம்மா போகட்டும், அப்புறம் நீங்க இதைப் பழகிக்கலாம்," என்றாள். அதற்குமேல் அவரிடம் அவள் பேச்சு குறைந்துபோனது.

கட்டடச் சொந்தக்காரர் நர்ஸம்மாவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துத் தெருக்களில் வீடு தேடினார் என்று கேள்வி. விஷயம் அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு வாசலிலும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லையாம்.

அவர் கிளம்புகிற அன்று காலை கட்டட வாசலில் வேன் வந்து நின்றது. மாத்திரை சார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். தன் சாமானை ஏற்றி வந்த அதே வேன், அதே வேன்காரர். பாலத்து முனையில்தான் அவருடைய வண்டி நிற்கும். வீடு மாற்றுகிறவர்களுக்கு அவரை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இந்த மனிதர் வாசலில் நின்று, 'என்ன சார், தண்ணித் தொட்டிச் சந்தை மறந்துட்டீங்களா' என்று ஒரு வார்த்தை விசாரித்தால் போதும். இவ்வளவு பாடும் வீண்.

கீழே இறங்கினார். இறங்கும்போது நர்ஸம்மா எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். வழியை விட்டு ஒதுங்கியவரின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

"உங்க சட்டை ரெண்டும். பொத்தான் தெச்சிருக்கேன். தங்கச்சிக்கு முகமோ கையோ வீங்கினாலோ, தலைவலி விடாம இருந்தாலோ, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. பகல், ராத்திரின்னு பார்க்காதீங்க."

"நர்ஸம்மா, நான் வந்து..."

"தெரியும் சார்," என்றார் அவர். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகம் கட்டடத்தில் இருக்கிற மற்றவர்கள் முகம் போலவே இருந்தது. மாத்திரை சாருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வாசலில் கட்டில், நாலு பாத்திர மூட்டை, ஒரு புத்தக அலமாரி. எல்லாவற்றையும் கட்டடத்து ஆட்களே ஓடி ஓடி ஏற்றினார்கள். அவ்வளவு ஒத்தாசையாக அவர்களை யாரும் பார்த்ததில்லை. கண்டக்டர் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்க, வாத்தியார் மறுமுனையைப் பிடித்தார். செயலாளர் மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, வேன்காரரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். சீக்கிரம் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று மாத்திரை சார் நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் உள்ளே போகிறவரை காத்திருந்தார். வேன்காரர் அலமாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மெல்லப் பக்கத்தில் போனார்.

"அண்ணே, இவங்களை எங்கே இறக்கப் போறீங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் சார். இங்க எங்கேயும் வீடு குடுக்கலையாம்."

சொந்த மண்ணுக்குத்தானே போகிறார் என்று மாத்திரை சார் தன் மனசைத் தேற்றிக்கொண்டார். அங்கே அவருக்கு மனிதர்கள் இருப்பார்கள். சத்தம் போட்டுச் சிரிக்கலாம். துணியை எப்படி வேண்டுமானாலும் காயப்போடலாம். ஒரு வகையில் நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது.

"அண்ணே, இன்னொரு விஷயம்," என்று குரலைத் தாழ்த்தினார். "என் சாமானை எங்கேயிருந்து ஏத்திட்டு வந்தீங்கன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வேன்காரர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அலுப்போடு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களுமா சார்? வண்டி வந்து நின்னதிலேர்ந்து செயலாளர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு வீட்டுக்காரரும் என்னைத் தனியா கூப்பிட்டு இதையேதான் சொல்லிட்டுப் போறாங்க. இந்தக் கட்டடத்துல பாலத்தை இன்னைக்குத்தான் முதல் தடவையா தாண்டப் போறவங்க அந்த நர்ஸம்மா ஒருத்தங்கதான்."